கொக்குவெள்ளை எத்தனை தரம் கூவியது

இந்தக் காலத்து மனிதர்களுக்கு எதையும் காதால் கேட்டால் போதவில்லை, விரல் விட்டு எண்ணியாக வேண்டும் என்பது காளையின் நெடுநாள் குறை. மழை பெய்தால் எத்தனை அங்குலம் என்கிறான். பிள்ளை பிறந்தால் ஆணா பெண்ணா என்று கேட்ட கையோடு எத்தனை பவுண்டு எடை என்கிறான். கல்யாண வீட்டுக்குப் போய் வந்தவனிடம் ரசம் எப்படி இருந்தது என்று விசாரிக்க ஆளில்லை, எத்தனை பந்தி நடந்தது என்பதுதான் பேச்சு. கோவிலில் போதகர் ஜெபத்தை முடித்துக் கண்ணைத் திறப்பதற்குள் நாலு பேர் சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிடுகிறார்கள். அதெல்லாம் எப்படியோ போகட்டும் என்று விட்டால், கடைசியில் வேதத்தில் கூவிய சேவலையே பிடித்து எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

"சேவல் கூவுச்சுன்னா கூவுச்சு. அதுல எம்புட்டுன்னு என்ன கேள்வி?" என்று வைகைக் கரையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர்களை எல்லாம் காளை கேட்டுப் பார்த்தார். எல்லார் வாயிலும் வேப்பங்குச்சி இருந்தது.

சேவலைப் பற்றிப் பேசக் கோச்சடையில் காளையைவிடத் தகுதியான ஆள் கிடையாது. ஞானஸ்நானம் வாங்கி யேசுதாஸ் ஆவதற்கு முன்பு முப்பது வருஷம் சண்டைச் சேவல் வளர்த்தவர். வாடிப்பட்டியிலிருந்து அழகர்கோவில் வரை அவர் சேவல் இறங்காத களம் இல்லை. ஞானஸ்நானத்தோடு சேவல் சண்டை நின்றது. சேவல் வளர்ப்பது நிற்கவில்லை. புதுப் பேரும் ஒட்டவில்லை. சபைப் பதிவேட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அவர் காளைதான். இப்போது மிச்சம் இருந்தது கொக்கைப் போல வெளுத்த ஒரே ஒரு கொக்குவெள்ளைச் சேவல். நிலா வெளிச்சத்தில் அது முற்றத்தில் நடந்தால் சேவல் நடப்பதாகவே தெரியாது. வெளிச்சத்தில் ஒரு துண்டு மட்டும் பிய்ந்து தனியாக நகர்வது போல இருக்கும்.

வினை மருமகன் வழியாக வந்தது. இன்பசேகரன் கோச்சடை மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். காளையின் ஒரே மகள் ஞானத்தைக் கட்டியவன். பள்ளிக்கூடம் கொடுத்த ஓட்டு வீட்டில்தான் மூவரும் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வேத வகுப்பில் ஒரு பையன், மதுரையில் ஏதோ சுயமரியாதைக் கூட்டத்தில் கேட்டு வந்ததை அப்படியே எழுந்து நின்று கேட்டிருக்கிறான். இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன ராத்திரி, அவரைத் தெரியவே தெரியாது என்று, வலை வீசிப் பிழைத்த சீஷர் பேதுரு நெருப்பில் குளிர்காய்ந்தபடி மூன்று தரம் சாதித்தாரே, அப்போது சேவல் எத்தனை தரம் கூவியது? சுவிசேஷம் எழுதிய நாலு பேரில் மூன்று பேர் சேவல் கூவியது என்று மட்டும் சொல்கிறார்கள். ஒருவர் இரண்டு தரம் என்கிறார். இதில் எது நிஜம் சார்?

இன்பசேகரனுக்குப் பொய் வராது. அது குணம் இல்லை, வியாதி என்பது காளையின் கட்சி. "எழுதியவர்களும் மனிதர்கள்தானே. ஒருவர் நினைவில் ஒரு மாதிரி, இன்னொருவர் நினைவில் வேறு மாதிரி" என்று வகுப்பில் சொல்லிவிட்டான்.

அது மாசிலாமணி மூப்பர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. சபைக்கு மூப்பர் அவர், பள்ளிக் கமிட்டிக்குத் தலைவரும் அவர். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்திரண்டு வருஷம் விதிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பச்சைக் கொடி காட்டியவருக்கு, புத்தகத்தில் ஒரு வரி தப்பு என்று யாராவது சொன்னால் எங்கோ ஒரு பாலத்தில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் வருவது கண்ணில் தெரியும். அவர் விளக்கம் சுலபமாக இருந்தது. சேவல் நடுச்சாமத்தில் ஒரு தரம் கூவும், விடியலில் ஒரு தரம் கூவும். ஒருவர் இரண்டையும் எழுதினார். மற்ற மூவரும் விடியல் கூவலை மட்டும் எழுதினார்கள். ஆக நாலும் எழுத்துக்கு எழுத்து சரி. வாத்தியார் தான் சொன்னது தப்பு என்று எழுதிச் சபைக்கு முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். மாட்டேன் என்றால் வேலையும் கிடையாது, வீடும் கிடையாது.

இன்பசேகரன் மாட்டேன் என்றான். இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அவன் சித்தப்பா மகன் இருந்தான். புறப்பட்டு வா, இடம் இருக்கிறது என்று கடிதமும் வந்துவிட்டது. ஞானம் ஆறு மாசம். சேலைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். காளைக்கு வேதத்தில் சேவல் ஒரு தரம் கூவினாலும் ஒன்பது தரம் கூவினாலும் ஒன்றுதான். மகள் கடலைத் தாண்டிவிடுவாள், பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே நாம் மண்ணுக்குள் போய்விடுவோம் என்ற ஒரே பயம்தான் அவருக்கு.

"மாப்ள, பேரை எழுதிக் கீழ ஒரு கோடு இழுக்கப் போறீங்க. அதுக்கு எதுக்குக் கப்பலேறணும்?"

"மனசுக்கு அது பொய்னு தெரியுதே மாமா."

"வக்கீலு சொல்றது பொய்னு வக்கீலுக்குத் தெரியும். வைத்தியன் சொல்றது பொய்னு வைத்தியனுக்குத் தெரியும். அம்புட்டுப் பேரும் ஊர்லதான இருக்காங்க?"

இன்பசேகரன் சிரித்தான். கையெழுத்து மட்டும் போடவில்லை.

ஒருநாள் சாயங்காலம் மூப்பரே போதகரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வந்தவர் உட்காராமல் கொக்குவெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எதுக்கு வீணாச் சண்டை? சேவலையே கேட்டுருவோம். சனிக்கிழமை ராத்திரி நாம நாலு பேரும் இங்க ஒக்காந்து எண்ணுவோம். ரெண்டு தரம் கூவுச்சுன்னா வாத்தியார் கையெழுத்துப் போடட்டும்."

"அது எருசலேம் சேவலு, இது கோச்சடைச் சேவலு. அதுக்கு இது மாமனா மச்சானா?" என்றார் காளை.

"ரெண்டையும் படைச்சவர் ஒருத்தர்தான். அவர் படைச்சதும் அவர் எழுதினதும் ஒண்ணை ஒண்ணு மறுக்காது."

போதகர் நல்ல மனுஷன், ஆனால் யாரையும் மறுத்துப் பேசத் தெரியாதவர். மருமகனைப் பார்த்தார். "கண்ணு முன்னால மெய்யாவே ரெண்டுன்னா போடறேன்" என்றான் இன்பசேகரன். உள்ளே ஞானம் பெட்டி அடுக்கும் சத்தம் நின்றது.

எந்தச் சேவலும் இரண்டோடு நிற்காது என்பது காளைக்கு மட்டும்தான் தெரியும். ஒரு விளக்கைப் பார்த்தால் கூவும். பக்கத்துத் தெருச் சேவல் கூவினால் விடாமல் பதில் கூவும். நல்ல சேவல் விடிவதற்குள் எட்டுத் தரம், பத்துத் தரம் கூவிவிடும். எட்டு என்று வந்தால் மூப்பரும் தோற்பார், மருமகனும் ஜெயிக்க மாட்டான், கப்பல்தான் ஜெயிக்கும். ஆகவே இரண்டு தரம் மட்டும் கூவ வைக்க வேண்டும். அதற்கு வழி இருந்தது. கழுத்தை நீட்ட முடியாத சேவல் கூவாது. களத்துக்குக் கொண்டு போகும்போது வழியில் கத்தாமல் இருக்க இந்த வேலையை அவர் எத்தனையோ தரம் செய்திருக்கிறார். தலை தட்டுகிற மாதிரி சின்னக் கூடையைக் கவிழ்த்து, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட வேண்டும். நடுச்சாமத்தில் ஒரு தரம் திறந்து விளக்கைக் காட்டினால் ஒரு கூவல். மூடிவிட வேண்டும். விடியலில் திறந்தால் இன்னொன்று. அவ்வளவுதான். வேதமும் பிழைக்கும், மகளும் கோச்சடையில் இருப்பாள்.

சனிக்கிழமை வந்தது. மார்கழிக் குளிர். வேப்பமரத்தடியில் நாலு பேரும் கோணியை விரித்து உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு சட்டியில் கரித்தணல். மூப்பர் தலைப்பாகைக்கு மேல் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒரு கையில் ரயில்வேக் கடிகாரமும் ஒரு கையில் பென்சிலும் மடியில் நோட்டுமாக, ஏதோ ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருக்கிறவர் போல நிமிர்ந்து இருந்தார். சுவரோரம் கூடை.

"மூடி வச்சிருக்கியே காளை?"

"பனி. நனைஞ்சா சீக்கு வந்துரும்."

"கூவுமா?"

"கூவ வேண்டிய நேரத்துக்குக் கூவும்."

முதலில் போதகர் கண்ணயர்ந்தார். நாளைப் பிரசங்கத்தை யோசிக்கிறேன் என்று கண்ணை மூடியவர் திறக்கவில்லை. அடுத்து இன்பசேகரன் மரத்தில் சாய்ந்து, பாடம் கேட்காத பிள்ளையைப் போல வாய் பிளந்து தூங்கிப்போனான். மூப்பர் நெடுநேரம் தாக்குப் பிடித்தார். பிறகு கடிகாரம் மட்டும் விழித்திருந்தது.

ஆற்றிலிருந்து பனி ஏறி வந்தது. முதலில் வேலி மறைந்தது. பிறகு தென்னைகளின் அடிமரம் மறைந்து, தலைகள் மட்டும் வெள்ளத்தில் மிதந்து போவது போல மேலே நின்றன. எங்கோ அக்கரையில் ஒரு சேவல் கூவிற்று. அதைக் கேட்டு இன்னும் தள்ளி ஒன்று. அந்தக் குரல் கிராமம் கிராமமாகக் கை மாறிச் சோழவந்தான் வரைக்கும் போய், திரும்பி வேறு யாருடைய குரலோ ஆகி வந்தது. ஒரு கூவல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று சேவலோடு பிறந்து வளர்ந்த காளைக்கே பிடிபடவில்லை. சமவெளி முழுவதும் தூக்கத்தில் ஏதோ முனகுவது போல இருந்தது. இப்போதுதான் எழுந்து கூடையைத் திறக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. கால் மரத்திருந்தது. கொஞ்சம் போகட்டும் என்று தணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தணலுக்கு அந்தப் பக்கம் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

எப்போது வந்தான் என்று தெரியவில்லை. வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. மீன் வாடை அடித்தது. இரண்டு உள்ளங்கையையும் தணலுக்கு நேரே விரித்திருந்தான். கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கை.

"யாருப்பா? வலைக்காரனா?" என்றார் காளை.

"முன்னாடி. குளிருது, செத்த நேரம் ஒக்காந்துட்டுப் போறேன்."

"ஒக்காரு. கரி நம்மளதுதான்."

அந்த ஆளை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது, பார்த்திருக்க வழியில்லை என்றும் இருந்தது. பனிக்குள் மறுபடி ஒரு கூவல் கேட்டது. அந்த ஆள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். யாரோ கை ஓங்கியது போல. காளைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கனவில் எல்லாம் சீக்கிரம் விளங்கிவிடும். எண்ணுகிறவர்களைக் கண்டாலே ஆகாத அவர், அந்த ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டார்.

"அன்னைக்கு எம்புட்டுத் தரம் கூவுச்சு?"

அந்த ஆள் கையைத் திருப்பிப் புறங்கையைக் காய்ச்சினான்.

"தெரியலை. நான் அழுதுக்கிட்டு இருந்தேன்."

"எண்ணலையா?"

"எண்ணலை."

"நீயே எண்ணலைன்னா எழுதினவங்களுக்கு யாருய்யா சொன்னது?"

"நான்தான். கேட்டவங்களுக்கெல்லாம் சொன்னேன். ஒவ்வொரு தடவை சொல்லுறப்பவும் அது திரும்பக் கூவும்."

இப்படிப் பேசுகிறவனை நம்புவதா என்று காளை யோசித்துக்கொண்டிருக்கும்போதே டவுன் பக்கமிருந்து மில் சங்கு ஊதிற்று. தணலுக்கு அந்தப் பக்கம் பனிதான் இருந்தது. வானம் மோர் நிறத்துக்கு வெளுத்திருந்தது. கனவில் வருகிறவன் எதை வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போவான், சாட்சிக் கூண்டிலா நிற்கிறான் என்று எண்ணியபடி சுவரோரம் திரும்பினார். சாக்கு போட்டது போட்டபடி கிடந்தது. அதன் மேல் பனித்துளி ஒன்றுகூடக் கலையவில்லை. அவர் ஒரு தரம்கூடக் கூடையைத் திறக்கவே இல்லை.

மூப்பர் விழித்துக்கொண்டு, தூங்கியதே இல்லாதவர் போல நோட்டைப் புரட்டினார். "ரெண்டு. சொன்னேனா இல்லையா? பன்னெண்டே முக்காலுக்கு ஒண்ணு, நாலே காலுக்கு ஒண்ணு. எழுதியே வச்சிருக்கேன்."

"நான் ஒண்ணுதான் கேட்டேன்" என்றார் போதகர், கண்ணைக் கசக்கிக்கொண்டு. அவர் மறுத்துப் பேசி அன்றுதான் எல்லாரும் கேட்டார்கள். "விடியலுக்குக் கொஞ்சம் முன்னால. ரொம்பத் தெளிவாக் கேட்டுச்சு."

"நீங்க தூங்கிட்டீங்க."

"நீங்க கொறட்டை விட்டீங்க மூப்பரே. அதைக் கேட்டுத்தான் எனக்கே முழிப்பு வந்துச்சு."

சண்டை வேண்டாம், அவரவர் சொல்வதை எழுதிவிடுவோம் என்று போதகர் ஒரு தாளை எடுத்தார். இன்பசேகரன் முறை வந்தது. "தூங்கிட்டேன், எதுவும் கேக்கலைன்னு எழுதிக்கங்க" என்றான். வியாதி என்று சொன்னது சரிதான்.

"காளை, நீ சொல்லு. சேவல் ஒன்னது" என்றார் மூப்பர்.

வாசற்படியில் ஞானம் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"ரெண்டு" என்றார் காளை.

போதகர் எழுதினார். காளை கரியைத் தொட்டுக் கைநாட்டு வைத்தார். மூப்பர் நோட்டை மூடினார். "ரெண்டு பேர் சாட்சி ஒத்துப் போச்சு. போடுங்க வாத்தியாரே."

இன்பசேகரன் பென்சிலுக்குக் கை நீட்டினான். சொன்ன சொல்லை மாற்றவும் அவனுக்குத் தெரியாது. போதகர் மட்டும் தாளைக் கொடுக்காமல், "பெரியவரே, மொதத் தரம் எப்பக் கூவுச்சு?" என்று சும்மாக் கேட்பது போலக் கேட்டார்.

காளைக்கு நோட்டில் இருந்த நேரம் மறந்துபோயிற்று. "மூணு மணி இருக்கும்."

"பன்னெண்டே முக்கால்" என்றார் மூப்பர்.

"மூணு" என்றார் காளை. இனி இறங்க முடியாது.

போதகர் தாளைப் பார்த்தார், மூன்று பேரையும் பார்த்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தார்கள். "ஒரே மரத்தடி. ஒரே சேவல். இன்னும் பல்லுகூட விளக்கலை. அதுக்குள்ள நாலு பேர் நாலு மாதிரி."

மூப்பர் விடவில்லை. "வேதத்தை எழுதினவங்க நம்மளை மாதிரி தூங்கிப்போனவங்க இல்லை."

"அதே ராத்திரி தோட்டத்துல ஆண்டவர் முழிச்சிருங்கன்னு சொல்லியும் சீஷர்கள் தூங்கிப்போனதா வேதத்துலதான மூப்பரே எழுதியிருக்கு?"

மூப்பர் விதிப் புத்தகத்தில் இதற்கு ஒரு விதி இருக்கும் என்று தேடுகிறவர் போல நெடுநேரம் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். ரொம்ப இறுக்கிவிட்டார் போலிருக்கிறது, காதில் வைத்துப் பார்த்தார். பிறகு, "சரி. பள்ளிக்கூட வேலை இருக்கட்டும். வேத வகுப்பை இனிமே நான் எடுக்கிறேன். அதுல வாத்தியார் வாய் வைக்கக் கூடாது" என்றார். இன்பசேகரன் தலையாட்டினான்.

போதகர் அந்தத் தாளை நாலாக மடித்து வேதப் புத்தகத்துக்குள் வைத்தார். "பெரியவரே, இன்னைக்குப் பிரசங்கமே இதுதான். நாலு பேர் நாலு மாதிரி சொல்றோம். அதனால சேவல் கூவலைன்னு ஆயிருமா?" என்று காளையின் தோளில் தட்டிவிட்டு மூப்பரோடு நடந்தார். இரண்டு பேரும் பனிக்குள் இறங்கிக் கரைந்து போனார்கள். அவர்கள் குரல் மட்டும் கொஞ்ச நேரம் தனியாக நடந்து போயிற்று.

காளை நின்ற இடத்திலேயே நின்றார். மகள் போகமாட்டாள். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் வாயால் சொன்ன பொய்யானால் காற்றோடு போகும். இது தாளில் ஏறி, புத்தகத்துக்குள் போய், இன்னும் ஒரு மணி நேரத்தில் பிரசங்கமாக வெளியே வரப்போகிறது. நாளைக்குப் பேரன் படிப்பான். கோச்சடையில் காளை என்ற யேசுதாஸ் கேட்டாராம், இரண்டு தரமாம் என்பான். சுவிசேஷம் எழுதிய நாலு பேர் எழுதியதும் இப்படித்தான் ஏறியதோ? அல்லது அந்த வலைக்காரன் சொன்ன மாதிரியோ? யாரைக் கேட்பது?

ஞானம் தணல் சட்டியை எடுக்க வந்தாள். அவரால் அடக்க முடியவில்லை.

"ஆத்தா, ஒரு சங்கதி. சேவல் கூவவே இல்லை."

"எந்தச் சேவல்?"

"நம்ம சேவல்தான். கூடையைத் திறக்க மறந்துட்டேன். அம்புட்டும் ஊரார் சேவல் சத்தம்."

ஞானம் சட்டியை வயிற்றை விட்டு எட்டப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "என்னப்பா சொல்றீங்க? ரெண்டு தடவை கூவுச்சே. நான் ராத்திரி பூரா கண்ணே மூடலை. நம்ம சேவல் சத்தம் எனக்குத் தெரியாதா?"

"மூடியிருந்துச்சு ஆத்தா. தலையைத் தூக்க முடியாது."

"மூடியிருந்தா என்ன? கூவுச்சு."

பொய் சொல்கிறாளா என்று அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். அப்பனைக் காப்பாற்றப் பொய் சொல்கிற முகம் அவருக்குத் தெரியும். இது அது இல்லை. தூங்காமல் விடிந்த முகம், சலவை செய்தது போலத் தெளிவாக இருந்தது. விறுவிறுவென்று போய்ச் சாக்கை இழுத்துக் கூடையைத் தூக்கினார். கொக்குவெள்ளை கழுத்தை ஒரு தரம் சிலுப்பிக்கொண்டு வெளியே வந்தது. மண்ணைக் கிளறி எதையோ கொத்திற்று. விடியல் நன்றாக வெளுத்துவிட்டது. அது கூவவில்லை.

"பாரு. இப்பக்கூடக் கூவலை" என்றார் காளை.

"அதான் கூவி முடிச்சிருச்சேப்பா" என்றாள் ஞானம், தணலைக் குப்பைமேட்டில் கொட்டிக்கொண்டே. "முகத்தைக் கழுவுங்க. மொத மணி அடிக்கப் போறாங்க, கோயிலுக்குப் போகணும்."

"நீங்க போங்க. நான் பொறகு வாரேன்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோவில் இருக்கும் திசைக்கு எதிர்த்திசையில் நடந்தார். பனி இன்னும் முழங்கால் உயரத்துக்கு இருந்தது. கால் எங்கே படுகிறது என்று தெரியாமலே நடந்தார். தென்னந்தோப்பைக் கடக்கும்போது எதிரே வந்த பால்காரன், "என்ன காளையண்ணே, ஒங்க வீட்டுச் சேவல் ராத்திரி பலமாக் கூவுச்சாமே" என்றான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு வார்த்தைகூட நம்பாமல் ஆற்று மணலில் இறங்கி நடந்துகொண்டே போனார்.